நாவல் மரம் தாண்டி

ஓட்டத்தன்று உருளைக்கிழங்கு கூடாது என்பது எங்கள் குழுவில் நான் போட்ட சட்டம். சேரன் அன்று மத்தியானம் நாலு போண்டா சாப்பிட்டான். நான் திட்டவில்லை. சட்னி இன்னும் கொஞ்சம் வேண்டுமா என்றுதான் கேட்டேன். நான் கோபப்படுகிற ஆள் இல்லை என்பது தெரியட்டும் என்றுதான் இதை முதலில் எழுதுகிறேன், மர்யம் மேடம். எழுதித் தரச் சொன்னீர்கள். பேப்பர் கொடுத்தீர்கள், டீ வாங்கிக் கொடுத்தீர்கள். ஒரு இன்ஸ்பெக்டர் இவ்வளவு மரியாதையாக நடத்துவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆகவே எதையும் ஒளிக்கப் போவதில்லை.

என் பெயர் குணசேகரன். வயது நாற்பத்தைந்து. நன்னிலம் பக்கத்தில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர். ஆறு பேர் கொண்ட ஓட்டக் குழுவுக்கு கேப்டன். ராத்திரி முழுக்க என்னதான் ஓடுவீர்கள் என்று கேட்டீர்கள். சாயங்காலம் ஆறு மணிக்குக் கல்லணையில் ஒருவன் மணிக்கட்டில் மஞ்சள் பட்டையைக் கட்டிக்கொண்டு புறப்படுவான். பத்து கிலோமீட்டர் வாக்கில் ஓடி, அடுத்தவன் கையில் அதைக் கட்டிவிடுவான். மற்றவர்கள் வேனில் முன்னால் போய் நிற்பார்கள். இப்படியே மாற்றி மாற்றி நூற்று முப்பது கிலோமீட்டர், விடிந்ததும் பூம்புகார். ஆள் மாற்றுவது குறித்த இடங்களில் மட்டும்தான். நடுவழியில் மாற்றினால் குழு வெளியே. எந்தத் துண்டை யார் ஓடுவது என்பது கேப்டன் இஷ்டம். அதிகாரிகள் பட்டையைப் பார்ப்பார்கள், முகத்தைப் பார்க்க மாட்டார்கள்.

கும்பகோணம் தாண்டி ஒன்பது கிலோமீட்டருக்கு ஆற்றங்கரை மண் பாதை. வேன் நுழையாது. மெயின் ரோட்டில் சுற்றிப் போய் மறுமுனையில் காத்திருக்கும். ஓடுகிறவனுக்குத் துணையாக ஒருவர் சைக்கிளில் விளக்கோடு பின்னால் போகலாம். வலப்பக்கம் காவிரி, ஆவணி மாதத்துத் தண்ணீர், கரை மட்டத்துக்குப் போய்க்கொண்டிருக்கும். இடப்பக்கம் கருவேல முள், அதற்குக் கீழே வாய்க்கால், அதற்கப்பால் முழங்கால் சேறு. உள்ளே போய்விட்டால் மறுமுனையில்தான் வெளியே வர முடியும். பன்னிரண்டரை மணிக்குச் சேரன் பட்டையோடு உள்ளே போனான். நான் சைக்கிளில் பின்னால் போனேன். மற்றக் குழுக்கள் எல்லாம் முன்னாலேயே போய்விட்டன, எங்களுக்குப் பின்னால் யாரும் இல்லை.

அவனுக்கு முப்பத்தாறு வயது. அறுவடை மெஷின் ஓட்டுகிறவன். நல்ல உடம்பு. என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவான், நான் சொன்னால் மறுபேச்சு கிடையாது. மூன்றாவது கிலோமீட்டரில் திரும்பிப் பார்த்தான்.

"அண்ணே, நெஞ்சுல என்னமோ அடைக்கிற மாதிரி இருக்கு."

"போண்டாடா. வாயு. ஏப்பம் விடு, சரியாயிடும்."

இடுப்புப் பையிலிருந்து ஒரு இஞ்சி மொரப்பா எடுத்துக் கொடுத்தேன். மென்றுகொண்டே ஓடினான். நெஞ்சு வலி என்றால் நம் ஊரில் எல்லாரும் முதலில் வாயு என்றுதான் சொல்வோம், சோடா வாங்கிக் கொடுப்போம். இதை நான் மட்டும் செய்த தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஆனால் அது வாயு இல்லை என்று எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்பதையும் எழுதிவிடுகிறேன். போட்டிக்கு முந்தின வாரம் ஆறு பேருக்கும் ஈசிஜி எடுக்க வைத்தேன். யாரும் கேட்கவில்லை, நானாகச் செய்தது. ரிப்போர்ட்டெல்லாம் என் வாட்ஸ்அப்புக்கு வந்தன. ஐந்து நார்மல். சேரனுடையதன் அடியில் டாக்டர் இரண்டு வரி எழுதியிருந்தார்: இவர் ஓடவே கூடாது, உடனே இதய டாக்டரைப் பார்க்க வேண்டும். அது வந்தது வியாழக்கிழமை. மாற்று ஆள் பெயர் கொடுக்கக் கடைசி நாள் புதன்கிழமை. ஐந்து பேர் குழுவைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். ஒரு நாள் முன்னால் வந்திருந்தால் நான் நிச்சயம் அவனிடம் சொல்லியிருப்பேன்.

அன்று சாயங்காலம் சேரனின் மனைவி இசைவாணி போன் செய்தாள்.

"அண்ணே, இவருக்கு ஈசிஜி வந்துடுச்சா? நாலு நாளா மாடி ஏறினாலே மூச்சு வாங்குதுங்கிறாரு."

"எல்லாம் நார்மல்மா. மெஷின்ல உக்காந்தே கெடக்கான்ல, அதான்."

"நீங்க பாத்துக்குவீங்கன்னுதாண்ணே அனுப்புறேன்."

பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

ஏன் இந்தப் பிடிவாதம் என்று உங்களுக்குத் தோன்றும். இரண்டு வருடம் முன்னால் இதே கரையில் பட்டை என் கையில் இருந்தது. ஆறாவது கிலோமீட்டரில் ஒரு நாவல் மரம் நிற்கிறது. அங்கே என் கால் நின்றுவிட்டது. உட்கார்ந்துவிட்டேன். நாற்பது நிமிடம் எழுந்திருக்க முடியவில்லை. அழுதேன் என்றுகூடச் சொல்கிறார்கள். குழு வெளியே போயிற்று. அதிலிருந்து டீக்கடையில் பெஞ்சைத் தட்டி, "உக்காருங்க கேப்டன், உங்களுக்குத்தான் உக்காரப் பிடிக்குமே" என்பார்கள். ஆபீசில் என் நாற்காலியில் யாரோ சாக்பீஸால் நாவல் மரம் வரைந்து வைத்தார்கள். என் பெண்ணைப் பள்ளிக்கூடத்தில் உட்காரு குணா மகள் என்று கூப்பிட்டார்கள். வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால்கூட உடம்பு கூசும். இரண்டு வருடமாக நான் அந்தக் கரையை விட்டு வெளியே வரவே இல்லை, மேடம்.

சேரன் முதலில் சொன்னபோதே பட்டையை நீயே வாங்கிக்கொண்டு ஓடியிருக்கலாமே என்று நேற்று கேட்டீர்கள். நடுவழியில் மாற்றுவது விதிக்கு விரோதம். அதோடு, அந்த மரத்தை நான் பட்டையோடு தாண்ட முடியாது. யாராவது தாண்டிக் கொடுக்க வேண்டியிருந்தது.

ஐந்தாவது கிலோமீட்டரில் இடது கை மரத்துப் போகிறது என்றான். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

"போனைக் குடுங்கண்ணே. இசைகிட்ட ஒரு வார்த்தை பேசிடறேன்."

"இங்க சிக்னல் இல்லடா."

இரண்டு பேர் போனும் என் பையில்தான் இருந்தன. சிக்னல் நாலு கோடும் இருந்தது. இசைவாணி மூன்று தடவை கூப்பிட்டிருந்தாள். அவன் போனை அணைத்து வைத்தேன். ஓடுகிறவன் கவனம் சிதறக் கூடாது.

"எறங்குறதுக்கு வழி எங்கண்ணே இருக்கு?"

"முன்னாடி ஒரு மதகு வரும். அங்க எறங்கிடலாம்."

அப்படி ஒரு மதகு கிடையாது. மூன்று தடவை கேட்டான். மூன்று தடவையும் அதையே சொன்னேன்.

நாவல் மரத்தடிக்கு வந்ததும் அவன் மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். "ரெண்டே நிமிஷம்ணே. உக்காந்துக்கறேன்." அந்த இடத்தில் ஒருவன் உட்கார்வதை என்னால் பார்க்க முடியாது. உட்கார்ந்தால் ஆயுசுக்கும் அவமானம், அது எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. சைக்கிளின் முன்சக்கரத்தால் அவன் கெண்டைக்காலில் முட்டினேன். லேசாகத்தான். "ஐயோ, விடுண்ணே, சத்தியமா முடியல" என்றான். மறுபடி முட்டினேன். நகர்ந்தான். பிறகு அவன் நிற்கும்போதெல்லாம் முட்டினேன். இப்படியே இன்னும் ஒன்றரை கிலோமீட்டர் வந்தான். அவன் கெட்டிக்காரன், அதை நான் மறுக்கவில்லை.

ஏழரை கிலோமீட்டரில் பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தான். நான் சைக்கிளை ஸ்டாண்ட் போட்டு நிறுத்தினேன். 108க்குப் போன் செய்யலாம் என்று நினைத்தேன். செய்தால் அவர்கள் போட்டி நடத்துகிறவர்களுக்குச் சொல்வார்கள். மீதி ஒன்றரை கிலோமீட்டர்தான். மரமும் தாண்டியாகிவிட்டது.

பட்டையைக் கழற்றி என் கையில் கட்டிக்கொண்டேன். சைக்கிளின் பின்சக்கரத்தில் காற்றைத் திறந்துவிட்டு அவன் பக்கத்தில் படுக்க வைத்தேன். விளக்கை எடுத்துக்கொண்டேன், இருட்டில் அந்தப் பாதையில் ஓட முடியாது. அவன் முகம் ஆற்றுப் பக்கம் திரும்பியிருந்தது.

மறுமுனையில் அடுத்து ஓட வேண்டிய அஸார் தயாராக நின்றான்.

"என்ன கேப்டன், நீங்க ஓடி வர்றீங்க? சேரன் எங்க?"

"வேன் கெளம்புனதும் புறப்படுற எடத்துலேயே மாத்திக்கிட்டோம். அவன் சைக்கிள்ல வந்தான், பஞ்சராயிடுச்சு. தள்ளிக்கிட்டு வர்றான். முதல் பஸ்ஸப் புடிச்சு வந்துடறேன்னான். நீ ஓடு."

அஸார் ஓடினான். மற்றவர்களை வேனில் ஏறச் சொன்னேன். யாரும் சந்தேகப்படவில்லை, நான் பொய் சொல்கிற ஆள் இல்லை என்று அவர்களுக்குத் தெரியும். ஆறு மணிக்கு இசைவாணி என் போனில் வந்தாள். பின்னால் வந்துகொண்டிருக்கிறான், போனில் சார்ஜ் இல்லை என்றேன். "சாப்ட்டாராண்ணே?" என்று கேட்டாள். சாப்பிட்டான் என்றேன். ஏழு ஐம்பதுக்குப் பூம்புகாரில் ஓட்டத்தை முடித்தோம். கழுத்தில் மெடல் போட்டுக்கொண்டு நிற்கும்போதுதான் போட்டி நடத்துகிறவர்களுக்குப் போன் வந்தது. ஐயாவு என்கிற விவசாயி வயலுக்குத் தண்ணீர் திருப்ப வந்த இடத்தில் அவனைப் பார்த்திருக்கிறார். சட்டையில் இருந்த எண்ணை வைத்துக் கண்டுபிடித்தார்கள்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் உயிர் இருந்திருக்கும் என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னீர்கள். பட்டையைக் கழற்றும்போது உயிர் இருந்ததா என்று இரண்டு நாளாகக் கேட்கிறீர்கள். இப்போது சொல்கிறேன்.

இருந்தது. பட்டையில் கை வைத்ததும் அவன் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். கண் திறந்திருந்தது. "போவாதண்ணே" என்றான். ஒழுங்காகப் பட்டையை ஒப்படைக்கிறான் என்று எடுத்துக்கொண்டேன். பிடி விடவில்லை. ஒவ்வொரு விரலாகப் பிரித்தேன். ஐந்தாவது சுண்டுவிரல், அதற்குத்தான் நேரம் ஆயிற்று. நான் திரும்பி ஓடும்போது பின்னால் இரண்டு தடவை அண்ணே என்றான். எனக்குக் கேட்டது.

இதைப் படிக்கிறவர்கள் என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளட்டும். ஒன்றை மட்டும் ஆபீசிலும் டீக்கடையிலும் விசாரிக்கும்போது நீங்களே சொல்லிவிடுங்கள், மேடம். அந்த இடத்திலிருந்து பூம்புகார் போய்ச் சேரும்வரை, வேனில்கூட, நான் ஒரு நிமிஷம் உட்காரவில்லை.