கல் குழியில் மீன் விட்டவர்

மேடையை நிறைத்திருக்கும் பெரியோர்களே, கைவேலையைப் போட்டது போட்டபடி ஓடி வந்திருக்கும் என் குடியிருப்புச் சொந்தங்களே, அனைவருக்கும் வணக்கம். அழுவதற்காகக் கூடியிருக்கிறோம். ஆனால் மறைந்த நம் மீன் வளர்ப்புச் சங்கத் தலைவர், நம் வெடிக்கார அண்ணனை நினைத்தால் எனக்குச் சிரிப்புதான் முந்திக்கொண்டு வருகிறது. மன்னிக்க வேண்டும், அண்ணி!

நம் குடியிருப்பு எதனால் பிறந்தது? கல் குவாரியால் பிறந்தது. நாற்பது வீடு, ஒரே பிழைப்பு. முப்பது ஆண்டுகள் பாறைக்கு வெடி வைத்தவர் அண்ணன். அதில் காது மந்தமாகி, ரகசியத்தைக்கூட ஊருக்கே கேட்கும்படிதான் சொல்வார். ஒருநாள் குவாரியை மூடினார்கள். குழியில் மழைநீர் நிறைந்தது. வீட்டுக்கு வீடு மூட்டை கட்டினோம். அப்போது, "தண்ணி சும்மாதானே கிடக்கு? மீன் விடுவோம்!" என்றவர் யார்? நம் அண்ணன்!

பண்ணையிலிருந்து குஞ்சுகள் பைகளில் வந்தன. பைத் தண்ணீரின் சூடும் குழித் தண்ணீரின் சூடும் ஒன்றாகும்வரை, அரை மணி நேரம் பையோடு மிதக்கவிடச் சொல்லியிருந்தார்கள். கல்லுடைத்த கைகளுக்குப் பொறுமை ஏது? முதல் பையைக் கிழித்துக் கொட்டியவள் நான்தான். என்னைப் பார்த்து எல்லோரும் கொட்டினார்கள். மறுநாள் அத்தனையும் செத்து மிதந்தன. எனக்குத் தலை நிமிரவில்லை. அண்ணன் திட்டினாரா?

"வெடி வெச்சா தள்ளி நின்னு காத்திருக்கோம்ல? இதுக்கும் அப்படித்தான் தங்கச்சி" என்றார்.

அடுத்த முறை யாரையும் கரையோரம் அண்டவிடவில்லை. "சத்தம் போடாதீங்க, குஞ்சு பயந்துக்கும்!" என்று அவர் போட்ட சத்தத்தில் மரத்திலிருந்த காக்கைகள் அத்தனையும் பறந்தன! குஞ்சுகள் பிழைத்தன. நாமும் பிழைத்தோம். வலை இழுக்க, ஐஸ் உடைக்க, வண்டி ஓட்ட என்று வீட்டுக்கு ஒரு வேலை வந்தது. மூடவிருந்த பள்ளிக்கு இரண்டாவது ஆசிரியரும் வந்தார்.

முன்வரிசையில் இருக்கும் லாரிக்காரத் தம்பி! அன்று முதலில் ஊரைவிட்டுப் போனவர் நீங்கள். இன்று காலை அஞ்சலி செலுத்திவிட்டு என் காதோரம், "அக்கா, திரும்பி வந்தா ஒரு வீடு கிடைக்குமா?" என்று கேட்டீர்கள். துக்கத்தில் கேட்கலாமா என்று கூச்சமும் பட்டீர்கள். அவருக்கு இதைவிட வேறென்ன அஞ்சலி வேண்டும்?

அண்ணன் படத்தின் முன் சங்கத்தின் சார்பில் உறுதி கூறுகிறேன்: குழியும் மீனும் இனி எங்கள் பொறுப்பு. காலி வீடு ஒன்றுகூட இல்லை, தம்பி. கட்டித் தருகிறோம், நாளைக்கே வாருங்கள். அஸ்திவாரம் போட நம் ஊரில் கல்லுக்கா பஞ்சம்!