காற்று இறங்கிய பந்து

பாஸ்கெட்பாலில் காற்று இறங்கிவிட்டால் பந்தைக் கையில் எடுத்துப் பார்க்கவே வேண்டாம். சத்தத்திலேயே தெரிந்துவிடும். நல்ல பந்து தரையில் பட்டுத் துள்ளும். காற்று இறங்கியது தொப்பென்று விழும், ஈரத்துணி மாதிரி. நேற்று மத்தியானம் செம்பூர் மைதானத்தில் எங்கள் பந்து அப்படித்தான் விழுந்தது.

தமிழ் தெரிந்த அதிகாரியாகப் பார்த்து உங்களை அனுப்பியிருக்கிறார்கள். நல்லதாகப் போயிற்று. இதையெல்லாம் மராட்டியில் சொல்ல எனக்கு வராது.

மாட்டுங்காவில் ஒரு கல்லூரி ஆபீஸில் எனக்கு வேலை. சுப்புலக்ஷ்மி என்று பெயர், எல்லோருக்கும் மாமி. என் மகள் ஷ்ருதி அதே கல்லூரியில் படிக்கிறாள். அவள் பெண்கள் பாஸ்கெட்பால் டீமில் சேர்ந்ததும் நான் டீம் மேனேஜர் ஆனேன். யாரும் கூப்பிடவில்லை, நானாகப் போய் நின்றேன். தண்ணீர் பாட்டில், ஐஸ், முதலுதவிப் பை, ஸ்டோர் ரூம் சாவி எல்லாம் என் பொறுப்பு.

இந்த சீசன் நல்ல சீசன். ஐரோலியில் மட்டும்தான் தோற்றோம். அன்றைக்கு ஷ்ருதியின் கையில் பந்து நிற்கவே இல்லை. நான் திட்டவில்லை. திட்டுகிற அம்மா இல்லை நான். வீட்டுக்கு வந்து சாதம் போட்டேன், மோர் ஊற்றினேன், பேசவில்லை. அடுத்த ஆட்டம் ஜெயிக்கிறவரைக்கும் பேசவில்லை. அவ்வளவுதான்.

அடுத்ததை ஜெயித்துக் கொடுத்தது கலைச்செல்வி. தாராவிப் பக்கம் லேபர் கேம்ப் பெண், கெட்டிக்காரி. அவள் அம்மா இசக்கி தாராவியில் பை தைக்கும் பட்டறையில் இருக்கிறாள். என் முதலுதவிப் பையே இசக்கி தைத்துக் கொடுத்ததுதான், கெட்டியான ஜிப் வைத்து. அவர்கள் பேசுகிற திருநெல்வேலித் தமிழ் எனக்குப் பாதிதான் புரியும். தலையாட்டிவிடுவேன்.

செமிஃபைனலுக்கு முந்தின நாள் பிராக்டீஸ் முடிந்து பெண்கள் போய்விட்டார்கள். கோச் பத்ரி சார் ஸ்டோர் ரூமில் பந்துகளை அடுக்கிக்கொண்டிருந்தார். வெளியே கிடந்த சாமான்களைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு, பூட்டுவதற்காக வாசலில் நின்றேன்.

"மாமி, நாளைக்கு ஷ்ருதி பெஞ்சுலதான். ஃபைனலுக்கும் அப்படித்தான்."

"ஃபைனலுக்கு செலக்டர்ஸ் வரா, சார்."

"அவளே வந்து கேட்டா மாமி. 'என்னை எடுத்துடுங்கோ, அம்மாகிட்ட மட்டும் நீங்களே சொல்லிடுங்கோ'ன்னா. பந்து கைக்கு வந்தா அவ கூடையைப் பார்க்கறதில்லை. கேலரியில உங்களைப் பார்க்கறா."

என் மகள் அப்படிக் கேட்டிருக்க மாட்டாள்.

சாருக்குச் சர்க்கரை. ஊசி போட்டுக்கொண்டு சாப்பிட மறந்துவிடுவார். பேசிக்கொண்டே இருந்தவருக்குக் குப்பென்று வேர்த்தது. சுவரில் சாய்ந்து கீழே உட்கார்ந்தார். "மாமி, குளுக்கோஸ்" என்றார். டப்பா என் தோளில் தொங்கிய பைக்குள்தான் இருந்தது. நான் ஜிப்பின்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றேன். மறுபடி கேட்டார். அப்புறம் கேட்டது வார்த்தையாகவே இல்லை.

நான் அவரை ஒன்றும் செய்யவில்லை. இதைச் சரியாக எழுதிக்கொள்ளுங்கள். அவருடைய ஃபோனை எடுத்து அணைக்க மட்டும்தான் தொட்டேன். பிறகு விளக்கை நிறுத்திவிட்டுக் கதவைப் பூட்டினேன்.

மறுநாள், சார் அவசரமாகப் பாலக்காடு கிளம்பிவிட்டார் என்று பெண்களிடம் சொன்னேன். ஆடுகிறவர்கள் பெயரை நானே சொன்னேன். ஷ்ருதி பெயரையும் சொன்னேன். அப்போதுதான் அந்தப் பந்து தொப்பென்று விழுந்தது.

கலைச்செல்வி அதைக் கட்டை விரலால் அமுக்கிப் பார்த்துக்கொண்டே நேராக என்னிடம் வந்தாள்.

"மாமி, அந்தச் சவத்த எங்க வச்சுப் பூட்டுனீய?"

என் காதில் அதற்குப் பிறகு விசில்கூடக் கேட்கவில்லை.

"எதை?"

"சவத்தத்தான். ஸ்டோர் ரூம்லயா கெடக்கு?" என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "பயப்படாதீய மாமி. ஆபீஸ்ல யார்ட்டயும் சொல்ல மாட்டேன்."

கண்ணடித்துவிட்டு ஓடினாள். எதிர் டீமிடம் வேறு பந்து வாங்கிக்கொண்டு வந்தாள். ஆட்டம் முழுவதும் நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். கூடை போடும்போதெல்லாம் என் பக்கம் திரும்பிக் கட்டை விரலைக் காட்டினாள். ஷ்ருதி கையிலிருந்து பந்து எத்தனையோ தடவை போனது. ஒவ்வொரு தடவையும் கலைச்செல்வி பிடுங்கிக்கொண்டு வந்தாள். ஜெயித்தோம். என் புடவை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

மற்ற பெண்கள் பஸ்ஸில் போனார்கள். நாங்கள் மூன்று பேரும் ரயில் ஏறினோம். லேடீஸ் பெட்டி. ஷ்ருதிக்கு உள்ளே உட்கார இடம் கிடைத்தது. கலைச்செல்வி காற்றுக்காக வாசலில் நின்றாள். நான் அவளுக்குப் பின்னால் நின்றேன்.

குர்லா தாண்டியதும் பேச்சை ஆரம்பித்தாள்.

"நாளைக்குப் பிராக்டீஸுக்கு அந்தச் சவம் வேணும்லா மாமி? சாவி தொலைஞ்சு போச்சுன்னா சொல்லுங்க. கதவ ஒடச்சாவது எடுத்துருவோம். டென்ஷன் ஆவாதீய."

எவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள் என்று நினைத்துப் பாருங்கள். சுனாபட்டி ஸ்டேஷன் வரப்போகிறது என்று உள்ளே பெண்கள் எழுந்து வாசல் பக்கம் நெருக்கினார்கள். அவள் முதுகில் ஜெர்சி எண்ணின்மேல் என் உள்ளங்கையை வைத்தேன்.

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஆமா, நல்லாப் பிடிச்சுக்கிடுங்க மாமி" என்றாள்.

ஷ்ருதி பார்த்துக்கொண்டிருந்தாள். அது அப்போது எனக்குத் தெரியாது.

ஆஸ்பத்திரியில் உயிர் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். இசக்கி தரையில் உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, "பின்னாலதான் நின்னேன், பிடிக்க முடியலையே" என்று அழுதேன். அழுகை வந்தது, பொய்யில்லை. இசக்கி என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"சவத்த விடுங்க மாமி. நீங்க என்ன செய்விய?"

பெற்ற மகளின் உடலையா சொல்கிறாள்? கலைச்செல்வியின் அண்ணன் செல்வம் பக்கத்தில் நின்றான். இப்படிச் சொல்கிறாளே என்று மெதுவாகக் கேட்டேன்.

"அதுவா மாமி, எங்க பக்கம் சும்மா வாயில வாறதுதான். செருப்பக் காணலன்னாலும் சவம்தான், ரயில் லேட்டானாலும் சவம்தான். என் தங்கச்சிக்கு வாயத் தொறந்தாலே அதான்." முகத்தைத் துடைத்துக்கொண்டான். "மத்தியானம் ஃபோன்லகூட, காத்தடிக்கிற பம்பக் காணும், மாமி எங்கயோ வச்சுப் பூட்டிட்டாவ, தெரிஞ்சா ஆபீஸ்ல மாமியத்தான் ஏசுவாவன்னு பொலம்புனா."

வீட்டுக்கு வந்து பையைத் திறந்தேன். ஜிப் இன்னும் கெட்டியாகத்தான் இருந்தது. பம்ப் உள்ளேதான் கிடந்தது, குளுக்கோஸ் டப்பாவுக்கு அடியில். முந்தின நாள் நானே பொறுக்கிப் போட்டது. செம்பூரில் கை விட்டு எடுத்துக் கொடுத்திருக்கலாம்.

உங்களுக்கு ஃபோன் செய்தது ஷ்ருதி என்று எனக்குத் தெரியும். உள் அறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு இருக்கிறாள். தண்ணீர் கொண்டு போய்க் கதவைத் தட்டினேன். "அங்கேயே வெச்சுடும்மா, நீ போம்மா" என்றாள். குரல் நடுங்குகிறது. ஃபைனலுக்கு முன்னால் எந்தப் பெண்ணுக்கும் வருகிற பயம்தான். ஆடினால் சரியாகிவிடும்.

இதோ, ஸ்டோர் ரூம் சாவி. நீங்கள் ரயில் விஷயத்துக்காகத்தான் வந்தீர்கள், சாரை இன்னும் யாரும் தேடவில்லை. கதவை உடைக்க வேண்டாம், பூட்டு புதுசு.

கலைச்செல்வியை நினைத்தால்தான் மனசு ஆறவில்லை. பம்ப் எங்கே மாமி என்று ஒழுங்கான தமிழில் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஃபைனலில் ஷ்ருதிக்குப் பந்து எடுத்துக் கொடுக்க ஓர் ஆள் இருந்திருக்கும்.