பாட்டரி இறங்கிய கார்

பினாங்கின் உப்புக்காற்றில் கார் பாட்டரி நீடித்து உழைக்காது என்பார்கள். நானும் முதலில் காற்றைத்தான் குறை சொன்னேன் ஐயா.

என் பெயர் ஆரோக்கியநாதன். கடற்கரைத் தெருவில் ஒரு கப்பல் அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணி. கார் சின்னதுதான், ரப்பர் விலை விழுந்தபோது சீமைக்குத் திரும்பிய ஒரு துரையிடம் வாங்கியது. ஞாயிறு பூசைக்கு மனைவி அமலம்மாளையும் பிள்ளைகளையும் அதில் கூட்டிப்போவேன். மெத்தையை வாராவாரம் வெந்நீரில் நனைத்த துணியால் நானே துடைப்பேன். அழுக்கு எனக்கு ஆகாது.

அமலம்மாளின் அண்ணன் பாக்கியசாமி கெடாவில் தோட்டத்து வேலை பார்த்தவர். நெஞ்சுச் சளி முற்றிப்போய் எங்களிடம் வந்து சேர்ந்தார். பிள்ளைகளுக்குத் தொற்றிவிடும் என்றேன், அவரும் ஒத்துக்கொண்டார். வீட்டுக்குப் பின்னால், கார் நிற்கும் பலகைக் கொட்டகையில் பாய் போட்டுக் கொடுத்தோம். துப்புவதற்கு ஒரு பால் டின். அதை அமலம்மாள் தினமும் கழுவுவாள். அதே கையால் எனக்குச் சோறு போடுவாள். ஒருமுறை அந்த டின்னுக்குள் பார்த்துவிட்டேன். மஞ்சளும் பச்சையுமாக, நடுவில் நூல் நூலாக இரத்தம். ஓர் ஈ அதில் ஒட்டிக்கொண்டு காலை உதைத்துக்கொண்டிருந்தது. அன்றோடு சோற்றில் மோர் ஊற்றிக்கொள்வதை விட்டேன்.

அவர் வந்த பிறகுதான் பாட்டரி இறங்கத் தொடங்கியது. மாலையில் நன்றாக ஓடிய வண்டி, காலையில் ஸ்டார்ட்டரை அழுத்தினால் முனகிவிட்டு நின்றுவிடும். பாட்டரிக்குத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். முனைகளில் பூத்திருந்த உப்பைச் சுரண்டி கிரீஸ் தடவினேன். சூலியா தெருப் பட்டறையில் கொடுத்து முழுக்கச் சார்ஜ் ஏற்றியும் வந்தேன். சில நாளில் பழையபடி ஆனது. ஒரு காலையில் கார் கதவைத் திறந்தால், பின் மெத்தையில் ஆள் படுத்த பள்ளம். தொட்டேன், சூடு ஆறவில்லை. கதவின் உட்புறம் சளி வழிந்து காய்ந்திருந்தது. மேலே உள்விளக்கின் பொத்தான், படுத்தபடியே கை எட்டும் உயரத்தில். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

அவரிடம் கேட்டேன், கோபப்படாமல்தான்.

"படுத்தது நெசந்தான் மாப்ளே. தரையெல்லாம் ஈரம், நெஞ்ச அடைக்குது. ஆனா வெளக்க நான் தொடவே இல்லலா."

சொல்லும்போது அவர் வாயிலிருந்து ஒரு துளி என் சட்டைக்கையில் தெறித்தது. அந்தச் சட்டையை எரித்துவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடலாம் என்று அமலம்மாளிடம் சொல்லிப் பார்த்தேன். அங்கே போனால் அண்ணன் திரும்பி வரமாட்டார் என்று அழுதாள். நான் வற்புறுத்தவில்லை. ஆனால் பாட்டரிக்குத் திரும்பத் திரும்பச் சார்ஜ் ஏற்றுவது வைத்தியம் ஆகாதே. இறங்குவதற்கான காரணத்தை நீக்க வேண்டும்.

ஒரு ஞாயிறு பிற்பகல், அவள் பிள்ளைகளோடு செபமாலைக்குப் போயிருந்தாள். பாட்டரி செத்துக் கிடந்தது. எஞ்சின் ஓடினால்தான் அது ஏறும். கைப்பிடியைப் போட்டுச் சுற்றிக் கிளப்பினேன். கொட்டகைக் கதவைச் சாத்தி வெளியே கொண்டி போட்டேன்; இல்லாவிட்டால் காற்றில் அடித்துக்கொள்ளும். அடியில் இருந்த இடுக்கில் கோணிச்சாக்கைத் திணித்தேன், எலி புகும். பிறகு கூடத்தில் உட்கார்ந்து நகம் வெட்டினேன். கொஞ்ச நேரம் பலகை தட்டுகிற சத்தம் கேட்டது. எஞ்சின் அதிர்ந்தால் பலகை தட்டத்தான் செய்யும்.

அவர்கள் வருவதற்குள் எஞ்சினை நிறுத்தி, புகை போகக் கதவையெல்லாம் திறந்து வைத்தேன். அவர் கதவடியில் குப்புறக் கிடந்தார். பாய்க்கு இழுத்துப் போட்டேன். முகம் நல்ல சிவப்பாக இருந்தது. அவரை அவ்வளவு தெம்பாக நான் பார்த்ததே இல்லை. இருமல் வந்து மூச்சு முட்டிப் போய்விட்டார் என்று அமலம்மாளிடம் சொன்னேன். டாக்டரும் சயரோகம் என்றே எழுதினார்.

அடக்கம் முடிந்த வாரமே பாட்டரி மறுபடி இறங்கியது.

மெக்கானிக் திருநாவுக்கரசை வீட்டுக்கு வரவழைத்தேன். அவன் எஞ்சின் பக்கத்தில் இருந்த ஒரு சின்னக் கறுப்புப் பெட்டியைத் திறந்தான். எஞ்சின் நின்றதும் விலக வேண்டிய தகடு ஒன்று அதில் ஒட்டிக்கொண்டு நின்றதாம்; பாட்டரி முழுக்க டைனமோவுக்குள் திரும்பி ஓடிவிட்டதாம். அரத்தால் தேய்த்தான். சரியாகிவிட்டது.

அவனுக்குக் கோப்பி கொண்டுவந்த அமலம்மாள் நகரவில்லை. "அப்ப எங்கண்ணன் உள் வெளக்கப் போட்டதனால இல்லையா?" என்று கேட்டாள்.

"அந்த வெளக்கா அக்கா? அதுக்கு ஒயரே அத்துக் கெடக்கு. துருப்பிடிச்சிருக்கு பாருங்க, எரிஞ்சே ரொம்ப நாளாயிருக்கும்."

எனக்குக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது. இருந்தாலும் மெத்தை இப்போது சுத்தமாக இருந்தது.

அவன் போன பிறகு அவள் கொட்டகைக் கதவைச் சாத்தி, உட்புறத்தை வெகுநேரம் பார்த்தாள். அங்கே நகம் பிராண்டிய கோடுகள் இருந்தன. மரத்துக் கீறல் துடைத்தால் போவதில்லை. அன்றைக்கு அண்ணன் உள்ளே இருந்தது உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டாள். நான் மெத்தையைத் துடைக்கப் போய்விட்டேன். அவள் போலீஸ் ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்தாள்.

தெரியும் ஐயா. கதவைச் சாத்தும்போது அவர் விழித்துத்தான் இருந்தார். "கதவ எதுக்கு மாப்ளே சாத்துறீங்க?" என்று கேட்டார்.

"புழுதி வருது மச்சான். நீங்க தூங்குங்க."

"என்னால ஒங்களுக்குத்தான் தொந்தரவு," என்றார். அதெல்லாம் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுத்தான் கொண்டி போட்டேன். கடைசிவரை அவரிடம் நான் முகம் சுளித்ததே இல்லை.