தகட்டுக்கு மேல் சாக்கு

சண்டை முடிந்த வருடம். வவுணதீவுச் சங்கக்கடையில் மண்ணெண்ணெய்க்குக் கால்கடுக்க நின்றோம், எண்ணெய் கொண்டுவரும் பவுசர் லொறி வந்தபாடில்லை. எனக்கு முன்னால் வெறும் பிளாஸ்டிக் கானோடு நின்ற இரண்டு பெண்களில் மூத்தவள் சொன்னாள்:

“விடிஞ்சா நான் சோலார் தகட்டைச் சாக்கால மூடிப்போடுவன்.”

“வெயில் படாட்டி லைட் எரியாதே அக்கா!”

“எரியாதுதான். கூரையில மினுங்கினா ஹெலிக்காரனுக்குத் தெரியும் புள்ள. முந்தி புதுத் தகரம் மினுங்கித்தான் பக்கத்து வீட்டுக்கு அடிச்சான்.”

“சண்டைதான் முடிஞ்சிட்டே! இனி ஆரு அடிக்கப்போறான்?”

“உனக்கும் நிவாரணக்காரர் சோலார் தந்தவங்கதானே? பிறகேன் எண்ணெய்க்கு நிக்கிறாய்?”

இளையவள் கானைக் கைமாற்றிக்கொண்டு வானத்தைப் பார்த்தாள்.

“நான் இன்னும் கூரையில ஏத்தல்ல அக்கா. கட்டிலுக்குக் கீழதான் கிடக்கு.”