ஒரு மணி நேரம் பின்னாடி

...மறுபடியும் ஒரு மணி நேரம் பின்னாடி வைக்கணுமாம்! முந்தாநேத்து வெச்சது பத்தாதா? சாயங்காலமானா கதவுக்கடியில ஒரு சீட்டு. 'அன்பான பயணிகளே, இன்று உங்கள் கடிகாரத்தை...' அன்பாம் அன்பு! நீ பக்கத்து ரூம்தானேம்மா? உனக்கும் வருதுல்ல? கப்பல் மேற்கால போகப் போக மணி குறையுமாம். குறையட்டும். என் வயித்துக்கு அது தெரியுமா? பழைய மணிக்கே பசிக்குது. சாப்பாட்டு ஹாலுக்குப் போனா, இன்னும் தொறக்கலன்னு வாசல்ல ஒருத்தன் சிரிச்சுக்கிட்டு நிக்கறான். அந்தச் சிரிப்பு இருக்கே...

இரு, எழுந்திருக்காத. கரை சேர இன்னும் நேரமிருக்கு.

எங்க வீட்டுக்காரரப் பாத்திருப்பியே? ஒல்லியா, உயரமா, வாட்சப் பாத்துக்கிட்டே நடப்பாரு. பஸ் டிப்போவுல டைம் கீப்பர். முப்பத்திரண்டு வருஷம்! நேரமாச்சுன்னா விசில ஊதிடுவாரு, வண்டி கெளம்பிடணும். ஒரு தடவ எனக்கு ஒரு கால் படியில, ஒரு கால் தரையில... ஊதிட்டாரு! கேட்டா, "உனக்காக அம்பது பேரு காத்துக் கெடக்கணுமா"ங்கறாரு. அந்த மனுஷனத்தான் நேத்து இந்தக் கப்பல் விட்டுட்டு வந்துடுச்சு!

சிரிக்காதம்மா... சரி, சிரி. நானும் மொதல்ல சிரிச்சேன்.

நேத்து ஊர் சுத்த எறங்கினோம்ல? நாலு மணிக்குள்ள ஏறிடணும், நாலரைக்குக் கப்பல் கெளம்பிடும்னு சொல்லித்தான் விட்டாங்க. எனக்குக் கால் வலி, மத்தியானமே வந்து படுத்துட்டேன். அவரு? அந்த ஊரு பஸ் ஸ்டாண்டப் பாக்கணுமாம்! கடல் தாண்டி வந்து பஸ் ஸ்டாண்டு! போன வேற ரூம்லயே போட்டுட்டுப் போயிட்டாரு. அங்க போயி, உங்க கடியாரம் ஒரு மணி நேரம் முன்னாடி ஓடுதுன்னு சண்ட போட்டாராம். ஊரே தப்பு, அவரு வாட்சுதான் சரி!

சங்கு ஊதறாங்க, கப்பல் நகருது. நான் இதே கம்பியப் புடிச்சுக்கிட்டு நிக்கறேன். வர்றாரும்மா... ஐஸ்கிரீம் நக்கிக்கிட்டு, ஆற அமர! கப்பல் போறதப் பாத்ததும் வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு ஓடறாரு, வாட்சக் காட்டிக் காட்டிக் கத்தறாரு. கப்பலு அவரு வாட்சையா பாக்கும்?

இங்க ஆபீஸ்ல போயி அழுதேன். கரையில அவங்க ஆள் இருக்காராம், பஸ்ல ஏத்தி இன்னிக்கு எறங்கற துறைமுகத்துக்கு அனுப்பிடறேன்னாங்க. காலையில அந்த ஆளு போன்லேர்ந்து இவரு பேசினாரு. திட்டுவாருன்னு பாத்தா, "சீட்ட நான்தான் சரியாப் படிக்கல போலிருக்கு. வயசாயிடுச்சுல்ல... இனிமே நேரங்காலமெல்லாம் நீயே பாத்துக்க"ங்கறாரு. பஸ்ஸ நேரத்துக்கு எடுத்தானான்னு கேட்டேன். "கவனிக்கல"ன்னுட்டாரு. கவனிக்கலயாம்! யாரு, இவரு!

நாப்பது வருஷத்துல அவரு வாயால தப்பு பண்ணிட்டேன்னு கேட்டதில்ல. கேட்டா ஜெயிச்ச மாதிரி இருக்கணும்ல? காலையில ஒரு வாய் எறங்கல.

ஏன்னா... கொஞ்சம் கிட்ட வா.

நேத்து விடியக்காலையில முழிப்பு வந்துச்சு. மேசையில அந்தச் சீட்டு, பக்கத்துல அவரு வாட்சு. மனுஷன் கொறட்ட. சரி, மறந்துட்டாருன்னு நான்தான் ஒரு மணி நேரம் பின்னாடி திருப்பி வெச்சேன். படுக்கறதுக்கு முன்னாடியே அவரு ஒரு தடவ திருப்பிட்டாருன்னு எனக்கென்ன தெரியும்? உதவிதானே பண்ணேன்!

அப்பிடிப் பாக்காத. போன்லயே சொல்லியிருக்கலாம்தான். வாய் வரலியே!

அதோ... அதோ நிக்கறாரு பாரு! அந்த மஞ்சக் கம்பத்துக்கிட்ட. எப்பலேர்ந்து நிக்கறாரோ. அய்யோ, கையப் பாரேன்... வாட்சே இல்ல. குளிக்கும்போதும் படுக்கும்போதும் மட்டுந்தான் கழட்டுவாரு. வெறுங்கையோட, யாரோ மாதிரி நிக்கறாரே...

ஏங்க! ஏங்க! இங்க, மேல பாருங்க! தப்பு உங்க மேல இல்லீங்க! வாட்சத் திருப்பினது நான்தாங்க! நானு!

என்ன பண்றாரு? காதுல கைய வைக்கறாரா? கேக்கலயாம்! கப்பல்ல இருக்கற அத்தன பேரும் திரும்பிப் பாக்கறாங்க, அவருக்குக் கேக்கலயாம்! தப்பு என்னுதுன்னு சொல்ல எனக்கு நாப்பது வருஷம் ஆச்சும்மா... இன்னொரு தடவ வேற சொல்லணுமா!

நகரு, நகரு. வழி விடு, நான் எறங்கணும்.