கை தூக்கச் சொன்னேன்

டீ நன்றாக இருக்கிறது, இன்ஸ்பெக்டர் ஐயா. சர்க்கரைதான் கொஞ்சம் தூக்கல். உட்கார்ந்ததும் "குடிக்கிறீங்களா"ன்னு கேட்டீர்கள் பாருங்கள், அப்போதே எனக்கு உங்களைப் பிடித்துவிட்டது. அதட்டுகிற அதிகாரி கேட்கமாட்டார், கொண்டுவந்து வைத்துவிடுவார்.

என் பெயர் பிரபாகர வர்மா. பீமவரம் பக்கம் இறால் உரித்து உறையவைக்கிற தொழிற்சாலையில் மேனேஜர். எனக்கு முன்னால் பன்னிரண்டு வருஷம் அந்த நாற்காலியில் இருந்தவர் சுப்பாராயுடு. வாயைத் திறந்தால் சாக்கடை. உரிக்கிற பெண்களைக் கழுதைகளே என்றுதான் கூப்பிடுவார். குளிர் இயந்திரத்திலிருந்து அம்மோனியா வாசனை லேசாக அடித்தால் போதும், கழுத்தைப் பிடித்துத் தள்ளாத குறையாக எல்லாரையும் ரோட்டுக்கு விரட்டுவார். கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவர்கள், விரட்டினால் அன்றைக்கு வாயில் மண். வயிறெரிந்து சபிப்பார்கள். அதை மேலிடத்தில் எடுத்துச் சொன்னவன் நான்தான். அவரை எடுத்துவிட்டு என்னைப் போட்டார்கள்.

நான் எல்லாரையும் அம்மா என்றேன். சாப்பாட்டு நேரம் எது, உகாதிக்கு எத்தனை நாள் லீவு, எல்லாம் அவர்கள் கை தூக்கிச் சொல்வதுதான். மேஸ்திரி மங்கதாயாரு ஒருநாள் அழுதேவிட்டாள். "கட்டின புருஷன்கூட என்னை ஒரு வார்த்தை கேட்டதில்ல பாபு, நீங்க கேக்கறீங்க" என்றாள். எனக்கும் கண் கலங்கியது, பொய் சொல்லவில்லை. குரைக்கிற நாய் கடிக்காது என்பார்கள். நான் குரைத்ததே கிடையாது.

அந்த வியாழக்கிழமை காலை இயந்திரத்து ஆள் ஓடிவந்து, வால்வு கசிகிறது, அரை மணி தாங்காது என்றான். அவன் பொய் சொல்கிறவன் இல்லை, நம்பினேன். ஆனால் சாயந்திரம் கண்டெய்னர் கிளம்பவேண்டும். வேலையை நிறுத்தச் சொன்னால் மேலிடம் என்னைக் கேட்கும். செய்யச் சொன்னால் நீங்கள் கேட்பீர்கள். ஆகவே அவர்களையே கேட்பது என்று முடிவு செய்தேன்.

உரிக்கிற கூடத்தில் பத்தொன்பது பேர். லேசாக வாசனை வருகிறது, போவதா, முடித்துவிட்டுப் போவதா, கை தூக்குங்கள் என்றேன். வால்வைப் பற்றிச் சொல்லவில்லை. சொன்னால் பயந்துபோய் எல்லாரும் ஒரே பக்கம் சாய்வார்கள், அது நியாயமாக இருக்காது.

மங்கதாயாரு என் முகத்தையே பார்த்தாள். "கண்ணு எரியுது பாபு. நீங்க போன்னா போயிடறோம்."

"என் அபிப்பிராயம் எதுக்கம்மா? இது உங்க முடிவு."

கையைத் தூக்குவதும் இறக்குவதும், ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்ப்பதுமாக இருந்தார்கள். மேனேஜர் எதிரே நின்றால் யாரும் மனம்விட்டுப் பேசமாட்டார்கள். அதனால் வெளியே வந்தேன். நடுவில் யாரும் நுழைந்து கலைக்கக் கூடாதே என்று கதவைச் சாத்தி வெளித்தாழ்ப்பாளும் போட்டேன்.

பிழைத்தது நான்கு பேர். மங்கதாயாரு அதில் இல்லை. பிணவறை வாசலில் சுப்பாராயுடு வந்து என் சட்டையைப் பிடித்தார். "ஒரு தடவை கத்தி விரட்டியிருந்தா போதுமேடா" என்று சொல்லி அழுதார். பாவம், அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

கதவைத் தட்டினார்களா என்று கேட்டீர்கள். தட்டினார்கள். பத்து நிமிஷம் இருக்கும். கேட்டுக்கொண்டு வெளியேதான் நின்றேன், திறக்கவில்லை. அதை ஒப்புக்கொள்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் இதையும் சேர்த்து எழுதுங்கள் ஐயா: பத்தொன்பது பேரும் ஒன்றாகத் தட்டினார்கள். சுப்பாராயுடு காலத்தில் அந்த ஒற்றுமை இருந்ததே இல்லை.