செவலையோட அகத்திக்கட்டு

தாய்ப்பால் அமுதம், அமுதம்னு இந்த மேடையில எல்லாரும் பேசிட்டாங்க. நான் புதுசா என்னத்தச் சொல்ல... ஒரு சின்ன சங்கதி சொல்றேன், கேளுங்க. வளைகாப்புக்கு வந்துட்டு, பந்தி எப்பன்னு பின்னாடி எட்டிப் பாக்கற அண்ணன்மாரே, நீங்களுந்தான்... கதையே உங்களப் பத்தித்தான்!

எங்க ஊருப் பக்கம் குப்புராஜ்னு ஒருத்தரு. அவரு வீட்டுல ஒரே வாரத்துல ரெண்டு விசேஷம். தொழுவத்துல செவலைப் பசு கன்னு போட்டுச்சு... வீட்டுக்குள்ள சம்சாரம் நதியா பிள்ளை பெத்தா.

செவலைக்கு நடந்த மரியாதையக் கேக்கணுமே! பருத்திக்கொட்டை, புண்ணாக்கு, மாட்டு டாக்டர் சொன்ன தாது உப்பு, தெனம் ஒரு கட்டு அகத்திக்கீரை. ஏன்? கறவை மாடாச்சே!

நதியாவுக்கு? ரசஞ்சோறு, பூண்டு. மறுநாள்? பூண்டு, ரசஞ்சோறு! மாமியா பாவாயம்மா அடுப்படி வாசல்லயே காவல்.

"அத்தை, ஒரு முட்டை..."

"சூடு!"

"கொய்யாப்பழம்..."

"கொழந்தைக்குச் சளி புடிக்கும்!"

"கீரையாச்சும்..."

"கொழந்தைக்கு வயித்தால போகும்!"

"தண்ணியாவது குடுங்க அத்தை..."

"வயிறு தொப்பை போட்ரும். ஒரு மடக்கு போதும்!"

வளைகாப்புல வகைவகையாச் சோறு ஊட்டுன அதே கைதாங்க இது! பிள்ளை வயித்துக்குள்ள இருக்கறவரைக்கும் விருந்து... வெளிய வந்துட்டா ஆத்தாளுக்கு ஜெயில் சாப்பாடு!

தடுப்பூசி போடப் போன எடத்துல நர்சம்மா எடை பாத்துட்டு, "கொழந்தை எடை ஏறலியே... ஏம்மா, நீ என்ன சாப்புடற?"ன்னு கேட்டாங்க. நதியாவுக்கு நிக்கவே தலை சுத்துது. அவ வாயத் தொறக்கறதுக்குள்ள குப்புராஜ் சொன்னாரு பாருங்க... "கொழந்தைக்கு டப்பாப் பவுடர் வாங்கிட்டு வந்தர்றனுங்க!" இதக் கேட்டப்ப எனக்கு வந்த ஆத்திரம் இருக்கே...

ஒரு நாள் காலையில தொழுவத்துல ஒரே சத்தம். குப்புராஜ் கத்தறாரு.

"அம்மா! ஒரு வாரமா செவலைக்கு வாங்கற அகத்திக்கட்டு பாதிக்குப் பாதி காணோம்! யாரு எடுக்கறா? பச்சை திங்காத மாட்டுப் பால்ல சத்து எங்கிருந்து வரும்? கறக்க மட்டும் சொம்பத் தூக்கிட்டு வந்தாப் போதுமா?"

அடுப்படியிலிருந்து நதியா வந்தா. தோள்ல கொழந்தை, கையில ஒரு கிண்ணம் கீரைப் பொரியல்.

"நாந்தானுங்க மாமா எடுத்தேன். இப்ப மாட்டுக்குப் பேசுனீங்களே நாயம்... அதையே எனக்கும் ஒருக்காப் பேசுங்க."

பாவாயம்மா பதறுனாங்க. "அய்யோ, கொழந்தைக்கு வயித்தால போகுமே!"

"போகலீங்க அத்தை. நீங்க அசந்த நேரமாப் பாத்து ஒரு வாரமாத் தின்னுட்டுத்தான் இருக்கறேன்."

குப்புராஜ் செவலையப் பாத்தாரு... செவலை குப்புராஜப் பாத்துச்சு...

சிரிக்கறீங்க. சிரிங்க... ஆனா இதையும் கேட்டுக்கங்க. அம்மா சரியாச் சாப்புடலீன்னா பால்ல வைட்டமின் கொறையும், அயோடின் கொறையும். சுண்ணாம்புச்சத்து மட்டும் லேசுல கொறையாது. ஏன் தெரியுமா? தன் எலும்புலிருந்து எடுத்துக் குடுக்கறா! அவகிட்டப் போயி முட்டை சூடு, கீரை ஆகாதுன்னு நாம சட்டம் பேசறோம். வெக்கமா இல்ல?

அண்ணன்மாரே, பிள்ளை பெத்தவளத் தெய்வமாக் கும்பிடச் சொல்லல... மகாராணியா வெக்கச் சொல்லல. கீரை, பருப்பு, முட்டை, மீனு, பழம், தாகத்துக்குத் தண்ணி... உங்க வீட்டு மாட்டுக்குக் காட்டற அக்கறைய அவளுக்கும் காட்டுங்க.

நான் கேக்கறது அவ்வளவுதாங்க!